உரிய அதிகாரியைத் தேடிப் போன குண்டு

அந்த மனிதர் தொப்பியைக் கழற்றியதுதான் முதலில் என் கண்ணில் பட்டது.

காலை ஒன்பது மணி இருக்கும். எங்கள் காட்சியகத்துக்கு அன்று வந்திருந்த ஒரே பார்வையாளர் அவர். வெள்ளைக்காரர், சிவந்த கழுத்து. முன்னாள் கப்பற்படை பீரங்கிக்காரர் என்று வருகைப் பதிவேட்டில் எழுதியிருந்தார். மூன்றாவது மேசைக்கு முன்னால் போய் நின்றார். அந்த மேசைமேல் ஒரு மரச்சட்டத்தில் பீரங்கிக் குண்டு ஒன்று படுத்திருந்தது. முழங்கை நீளம், நாலு வயதுப் பிள்ளையின் கனம், கூரான மூக்கு. குனிந்து அந்த மூக்கைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார். பிறகு, கத்தோலிக்க மேற்றிராணியாரிடம் விடைபெறுகிறவர் போல, முதுகைக் காட்டாமல் பின்னோக்கி நடக்கத் தொடங்கினார்.

எங்கள் காவல்காரர் காதர் மைதீன் அவரைக் கடந்து போனார். அவருடைய ஒரு கையில் கொட்டைப்பாக்கு, இன்னொரு கையில் கருங்கல். தினமும் அந்த நேரத்துக்கு அவர் பாக்கு உடைப்பது வழக்கம். உடைப்பது குண்டின் முதுகில்.

கல் ஓங்கியதைப் பார்த்ததும் பீரங்கிக்காரர் ஒரு சத்தம் போட்டார். அலறல் என்றும் சொல்ல முடியாது, கிசுகிசுப்பு என்றும் சொல்ல முடியாது. இரண்டும் சேர்ந்த ஒன்று.

"அந்தக் கல்லைக் கீழே வைக்கச் சொல். மெதுவாக."

நான் சொன்னேன். காதர் வைத்தார்.

"அது வெடிக்காத குண்டு. வெடித்து முடிந்ததென்று யார் உங்களுக்குச் சொன்னது?"

யாரும் சொல்லவில்லை. நாங்களாகவே நினைத்துக்கொண்டதுதான். அவர் படிக்கட்டையும் பின்பக்கமாகவே இறங்கிப் போனார்.

"கிராணியாரே," என்றார் காதர். கணக்கெழுதுகிறவர், கடிதமெழுதுகிறவர் எல்லாரும் அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் கிராணிதான். "தொரை ஏன் பின்னாலயே போறாரு? பூட்ஸ்ல எதுவும் மிதிச்சிட்டாரா லா?"

விஷயத்தைச் சொன்னேன். காதர் விரல்விட்டு எண்ணினார். "மூணு வருசம். ஒரு நாளைக்கு நாலு பாக்கு. நோம்பு மாசம் மட்டும் பகல்ல கெடையாது." அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

இரண்டு அறை, ஒரு ஊதுகுழல்

போன வாரம் இந்தப் பத்தியில் என் கல்யாணத்தைப் பற்றி எழுதியிருந்தேன். 'அதற்குப் பிறகாவது நிம்மதியாக இருந்தீர்களா ஐயா?' என்று தைப்பிங்கிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். அவருக்குப் பதிலாக இதை வைத்துக்கொள்ளலாம்.

கல்யாணமான மறுவருடம்தான் எனக்கு அந்த வேலை கிடைத்தது. ஜார்ஜ் டவுன் கடற்கரைப் பக்கம், கயிறு சேர்த்துவைக்கும் கிட்டங்கி ஒன்றின் மாடியில் இரண்டு அறை. வடக்கு மலாயாவின் போர்ச் சின்னங்களைப் பாதுகாக்கும் காட்சியகம் என்று வாசலில் பலகை. ஓய்வுபெற்ற ஒரு மேஜர் துரை அதை நடத்தினார். நானும் காதரும் சிப்பந்திகள். துருப்பிடித்த வாள்கள் ஒரு கட்டு இருந்தது. ஊதினால் சத்தம் வராத ஊதுகுழல் ஒன்று. யாரோ ஒரு கர்னலின் இடது பூட்ஸ். வலது பூட்ஸ் ஈப்போவில் இருப்பதாக நம்பப்பட்டது. குண்டு துளைத்த தொப்பி ஒன்றும் இருந்தது. அந்தத் துளை பூச்சி அரித்தது என்பது மேஜரைத் தவிர எல்லாருக்கும் தெரியும். மழைக்காலத்தில் இரண்டாவது துளை விழுந்தபோது அவர் தொப்பியின் விவரச் சீட்டை மாற்றி எழுதச் சொன்னார்: 'இரு முறை சுடப்பட்டது.'

குண்டு மட்டும்தான் நிஜமான பொருள். துறைமுகச் சேற்றிலிருந்து வலையில் சிக்கி வந்தது. ஜெர்மன்காரனுடையது.

முதல் உலகப் போரில் ஜெர்மன் எம்டன் கப்பல் பினாங்குக்கு வந்துபோன அன்று நான் சின்னப் பையன். விடிகாலையில் வானம் இடிந்தது போலச் சத்தம். என் அப்பா எழுந்து ஓடி, வீட்டிலிருந்த இரண்டு ஜன்னல்களையும் சாத்தித் தாழ் போட்டார். கொஞ்சம் யோசித்துவிட்டு, துறைமுகத்தைப் பார்த்த ஜன்னலுக்கு மட்டும் முட்டுக்கொடுத்து ஒரு நாற்காலியும் வைத்தார். பீரங்கிக் குண்டு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு உள்ளே வராது என்று அவர் நம்பியிருக்க வேண்டும். நாங்களும் நம்பினோம். தந்திரக்காரனை 'எம்டன்' என்று தமிழில் சொல்கிறோமே, அந்தக் கப்பல்தான். சென்னைக்காரர்கள் அது தங்களுக்கே சொந்தம் என்பது போலப் பேசுவார்கள். எங்களுக்கும் அதில் பங்குண்டு.

மேஜர் மலையேறினார்

தகவல் சொல்ல மேஜரின் வீட்டுக்கு ஓடினேன். அவர் காலை உணவில் இருந்தார். முட்டையை முடித்துவிட்டுத்தான் பதில் சொன்னார். அன்று கொடிமலை மேல் அவருக்கு மிக முக்கியமான வேலை ஒன்று இருந்ததாம். அது முந்தின நிமிடம் வரை அவருக்கே தெரிந்திருக்காது என்று நினைக்கிறேன். மலை ரயிலுக்குப் புறப்படும் முன் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தார்:

'குண்டை உரிய அதிகாரியிடம் இன்றே ஒப்படைக்கவும். ரசீது பெறவும். ரசீது இல்லாமல் திரும்ப வேண்டாம்.'

உரிய அதிகாரி யார் என்று கேட்டேன்.

"அது அவருக்குத் தெரியும்," என்றார்.

குண்டை அங்கேயே விட்டு வைக்கவும் வழியில்லை. கீழே கயிற்றுக் கிட்டங்கியில் பதினைந்து பேர் வேலை செய்தார்கள். அடுத்த சுவரில் ஒரு தையற்கடை. கம்பளியில் சுற்றி நானும் காதரும் படியிறக்கினோம். நான் முழுச் செபமாலையும் சொன்னேன். காதர் தனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் ஓதினார்.

தெருவில் ரிக்‌ஷா நின்றது. இழுப்பவர் பெயர் ஆ பெங், எனக்குத் தெரிந்தவர்தான். நான் ஏறி உட்கார்ந்து குண்டை மடியில் வாங்கிக்கொண்டேன். கம்பளியில் என்னவென்று கேட்டார். மனிதனிடம் மறைப்பது பாவம் என்று தோன்றி, உண்மையைச் சொல்லிவிட்டேன். ஆ பெங் பிடியைத் தரையில் வைத்தார், மிகவும் பதமாக. பிறகு ஓடினார். ஐம்பது கஜம் ஓடி, நின்று, திரும்பிப் பார்த்தார். வண்டி அவருடைய பிழைப்பு. விட்டுப் போகவும் முடியாது, கிட்டே வரவும் முடியாது.

"நான் இழுக்கறேன்," என்றார் காதர்.

"பாய், உங்களுக்கு ரிக்‌ஷா இழுத்துப் பழக்கம் உண்டா?"

"இல்ல. அதுக்குன்னு குண்டு மேல பாக்கு ஒடைக்கிற பழக்கம் மட்டும் யாருக்கு லா இருந்துச்சு?"

இப்படியாக ஜார்ஜ் டவுன் தெருக்களில் எங்கள் ஊர்வலம் கிளம்பியது. முன்னால் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு காதர். நடுவில் குண்டை அணைத்தபடி நான். ஐம்பது கஜம் பின்னால் ஆ பெங், ஒவ்வொரு குழிக்கும் "பெலான்! பெலான்!" என்று மெதுவாகப் போகச் சொல்லிக் கத்திக்கொண்டு.

வராத சரக்கு

முதலில் ஒரு காவல் நிலையம். சார்ஜன்ட் வெளியே வந்து, கம்பளியை விலக்கிப் பார்த்து, மூடினார்.

"அனுமதிச் சீட்டு இல்லாமல் வெடிபொருள் கொண்டுவந்திருக்கிறாய். உன்னைக் கைது செய்ய வேண்டும்."

"செய்யுங்கள் ஐயா," என்றேன். எனக்கு அது நிம்மதியாகவே இருந்தது.

அவர் யோசித்தார். "உன்னைக் கைது செய்தால் இது சாட்சிப் பொருள். வழக்கு முடியும் வரை என் மேசைக்குக் கீழேதான் இருக்க வேண்டும். அதனால் நீ எதையும் கொண்டுவரவில்லை." சொல்லிவிட்டுக் காதர் பக்கம் திரும்பினார். "ஆனால், நீ உரிமம் இல்லாமல் ரிக்‌ஷா இழுத்திருக்கிறாய்."

காதருக்குக் கோபம் வந்துவிட்டது. "குண்டு கண்ணுக்குத் தெரியல, ரிக்‌ஷா தெரியுதா?"

பேச்சு வளர்வதற்குள் நான் குண்டைக் கொஞ்சம் அசைத்து வைத்தேன். சார்ஜன்ட் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

தீயணைப்பு நிலையத்தில் சுருக்கமாக முடிந்தது. தீப் பிடித்தால் வருவோம், பிடிக்கும் முன்னால் வர வழக்கமில்லை என்றார்கள். முகவரியை மட்டும் குறித்துக்கொண்டார்கள்.

துறைமுகத்தை ஒட்டி, வந்திறங்கும் சரக்கைப் பதிவு செய்யும் அலுவலகம் ஒன்றில் யாழ்ப்பாணத்துப் பெரியவர் ஒருவர் தலைமைக் கிராணியாக இருந்தார். மூக்குக்கண்ணாடியும் திருநீறுமாக, குரல் உயர்த்தாத மனிதர். அவர் ஒருவர்தான் என்னை உட்காரச் சொன்னார். நான் உட்கார்ந்தேன். குண்டு மேசைமேல், அவருக்கும் எனக்கும் நடுவில்.

"தம்பி, இது எந்தக் கப்பலிலை வந்தது?"

"சுட்ட கப்பல்லங்க ஐயா."

"சாமான் பட்டியல் இருக்கோ?"

"சுடும்போது கொடுக்கலைங்க."

அவர் சிரிக்கவில்லை. பேனாவைத் துடைத்து வைத்தார். "அப்ப பாரும். வந்த சாமானெண்டால் வந்த நாளிலை அறிவிச்சிருக்க வேணும். இவ்வளவு காலமும் அறிவிக்காமல் வச்சிருந்தது குற்றம். உம்மைப் பாத்தால் நல்ல பிள்ளையாக் கிடக்கு. அதாலை, இது இன்னும் வந்து சேரேல்லை எண்டு வைப்பம். வராத சாமானை நான் எப்பிடித் தம்பி பொறுப்பெடுக்கிறது?"

இன்று வரை அந்த வாதத்தில் எனக்கு ஓட்டை கிடைக்கவில்லை. நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

உச்சி வெயில். காதருக்குக் கால் கொப்புளித்துவிட்டது. கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் பக்கம் வந்ததும், "தொழுதிட்டு வந்திர்றேன், இன்னிக்கு விட்டா எப்பவோ," என்று போனார். நான் தெருவோரம் ரிக்‌ஷாவில் குண்டோடு உட்கார்ந்திருந்தேன். சோறும் குழம்பும் காவடித்தண்டில் சுமந்து விற்கும் நாசி கண்டார்க்காரர் ஒருவர் பக்கத்தில் கூடையை இறக்கினார். மீன்குழம்பு வாசனை. காலையிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை. ஒரு பொட்டலம் வாங்கி, வேறு இடமில்லாமல், குண்டின் மேலேயே இலையை விரித்துச் சாப்பிட்டேன். பாதியைக் கட்டி, கொஞ்ச தூரம் நடந்துபோய் ஒரு கல்லின் மேல் வைத்துவிட்டு வந்தேன். ஆ பெங் வந்து எடுத்துக்கொண்டு திரும்ப ஐம்பது கஜத்துக்குப் போனார்.

சாப்பிட்டு முடித்ததும்தான் எனக்குப் பயம் வந்தது. பசி தீர்ந்தவுடன் அதற்கு இடம் கிடைத்துவிட்டது போலும்.

பிலோமினா

என் மனைவி பிலோமினாவுக்கு அப்போது நிறைமாதம். முதல் பிள்ளை. அவளைத் தூரத்திலிருந்தாவது ஒரு முறை பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது. எங்கள் சந்து முனையில் காதரையும் வண்டியையும் நிறுத்திவிட்டு, நான் மட்டும் நடந்து போய் எதிர்வீட்டுத் தூணருகே நின்றேன். அவள் வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

என்னைப் பார்த்துவிட்டாள். "பகல்ல ஏன் திருடன் மாதிரி நிக்கிறீங்க?"

சொல்லக்கூடாது என்றுதான் வந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். மேஜர் முதல் வராத சரக்கு வரை. அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். கையிலிருந்த துணியை உதறிக் கொடியில் போட்டாள்.

"சாப்பிட்டீங்களா?"

"ஆச்சு."

"இன்னும் எந்த எடம் பாக்கி?"

"பட்டாளத்துக் கிடங்கு. அங்கேயும் வாங்கலன்னா தெரியல."

"நானும் வர்றேன்."

முடியாது என்றேன். கத்தினேன் என்றே நினைக்கிறேன். அவள் செருப்பைத் தேடினாள்.

"மூணு எடத்துல போயி நல்ல புள்ளயா நின்னுட்டு வந்திருக்கீங்க. நீங்க செத்துப்போனா, இந்தப் புள்ளையத் தூக்கிக்கிட்டு நான் எந்த ஆப்பீஸ்ல போயி நிக்கறது? அங்கயும் என்கிட்ட ரசீதுதான் கேப்பானுங்க."

அவளை நான் ஏற்றியிருக்கக் கூடாது. இன்று இதை எழுதும்போது கை கூசுகிறது. ஆனால் அவள் சந்து முனை வரை நடந்துபோய், காதரிடம் "அண்ணே, கொஞ்சம் புடிங்க" என்று சொல்லி, குண்டுக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். கம்பளி விலகியிருந்ததை இழுத்து மூடியும் விட்டாள்.

புதிய காரணம்

பட்டாளத்துக் கிடங்கின் வராந்தாவில் ஒரு வெள்ளைக்கார சார்ஜன்ட் பெரிய பதிவேட்டோடு உட்கார்ந்திருந்தார். இளைஞர்தான், மீசை இன்னும் முழுதாக முளைக்கவில்லை. மேஜரின் காகிதத்தைப் படித்தார்.

"எங்கள் ஏட்டில் நம் குண்டுகளுக்கு மட்டும்தான் இடம். இது ஜெர்மன் குண்டு."

"நம்மேல சுட்டதுதானே ஐயா?" என்றேன்.

"சுட்டதால் நம்முடையதாகிவிடாது. வாங்கிக்கொள்ள ஒரு காரணம் வேண்டும். போர் நடக்கவில்லை, பயிற்சி இல்லை, தணிக்கையும் இல்லை. என்ன காரணம் எழுதுவேன்?"

பிலோமினா அங்கிருந்த விசுப்பலகையில் உட்கார்ந்தாள். என்னைப் பார்த்து, "அத என் மடியில வைங்க," என்றாள்.

"பிலோ..."

"வைங்க."

வைத்தேன். வயிற்றுக்கு முன்னால் அதற்குக் கொஞ்சம்தான் இடமிருந்தது. அவள் சார்ஜன்டைப் பார்த்து, கன்னியர் பள்ளியில் ஐந்தாவது வரை படித்த ஆங்கிலத்தில், ஒவ்வொரு சொல்லாக, மரியாதையோடு பேசினாள்.

"ஐயா, எனக்குப் பிரசவ வலி வந்துவிட்டது. நான் எழுந்து போக வேண்டும். மடியில் இது இருப்பதால் எழ முடியாது. நீங்கள் எடுத்தால் போகிறேன். எடுக்காவிட்டால் இங்கேயே பெற்றுக்கொள்கிறேன்."

பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு முனகல். எனக்கே உயிர் போய்விட்டது. காதர் வராந்தாத் தூணைக் கட்டிக்கொண்டார்.

அந்தப் பையன் முகத்திலிருந்து ரத்தமெல்லாம் இறங்கிவிட்டது. இரண்டு சிப்பாய்களைக் கூவி அழைத்தார். மணல் வாளி வந்தது. குண்டை அவர்கள் தூக்கியபோது, அவரே குனிந்து கைகொடுத்தார். பதிவேட்டில் அவசரமாக எழுதினார். ரசீதில் கையெழுத்திட்டார். அவர் எழுதியதை நான் தலைகீழாகப் படித்தேன். வாங்கியதற்கான காரணம் என்ற இடத்தில் 'பிரசவம்' என்று இருந்தது.

பிலோமினா நிமிர்ந்து எழுந்தாள். வாசல் வரை மெதுவாக நடந்தாள். வாசலைத் தாண்டியதும், "வாங்க, வீட்டுக்குப் போலாம்," என்றாள்.

"வலி?"

"பொய்தான். சனிக்கிழம சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனத்துல சொல்லிக்கறேன்."

குண்டு உள்ளே போனதைப் பார்த்துவிட்டு ஆ பெங் ஓடி வந்து தன் வண்டியைத் தொட்டுப் பார்த்தார். காதரைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுப் பிடியை எடுத்தார். இரண்டு தெரு கூடப் போயிருக்கமாட்டோம். பிலோமினா என் மணிக்கட்டைப் பிடித்தாள். நகம் பதிந்தது.

"இப்ப நெசம்," என்றாள்.

ஆ பெங் அன்று ஓடிய ஓட்டத்தை நான் வேறெந்த ரிக்‌ஷாவிலும் பார்த்ததில்லை. ஒரு குழியில் கூடச் சக்கரம் இறங்கவில்லை. காதர் கொப்புளக் காலோடு மருத்துவச்சியைக் கூட்டி வர முன்னால் ஓடினார். விளக்கு வைப்பதற்குள் பெண் குழந்தை பிறந்தது.

வியாழக்கிழமை

மூன்றாம் நாள் காலை ஒரு சிப்பாய் வீட்டு வாசலில் நின்றான். கக்கத்தில் அந்தப் பெரிய பதிவேடு.

"சார்ஜன்ட் அனுப்பினார். ஆணா, பெண்ணா? அது தெரியாமல் இந்தப் பதிவை முடிக்க முடியாதாம்."

"பெண்," என்றேன். எழுதிக்கொண்டான். தாயும் சேயும் நலமா என்றும் கேட்டு எழுதினான். போகிற போக்கில், குண்டை வியாழக்கிழமை பதினோரு மணிக்குத் தீவுக்கு அந்தப் பக்கம் கடலோரம் கொண்டுபோய் வெடிக்கவைத்துப் பார்க்கப் போகிறார்கள் என்றான்.

"பாக்கறதென்ன? அது செத்துப்போன குண்டு," என்றார் காதர், நான் போய்ச் சொன்னதும். அந்த மூன்று நாளில் அவர் அப்படி ஒரு முடிவுக்கு வந்திருந்தார். "வெள்ளக்காரனுக்குக் கண்ணு சரியில்ல. மூணு வருசம் அடிச்சேன், எனக்குத் தெரியாதா?"

எனக்கும் அந்தப் பேச்சு பிடித்திருந்தது. நடந்ததெல்லாம் ஒரு வேடிக்கை, ஊர் முழுக்கச் சொல்லிச் சிரிக்கலாம். நானும் நாலு பேரிடம் அப்படித்தான் சொல்லத் தொடங்கியிருந்தேன்.

வியாழக்கிழமை காதர் குழந்தையைப் பார்க்க வந்திருந்தார். கொண்டுவந்த பேரீச்சம்பழத்தைப் பிலோமினாவிடம் கொடுத்துவிட்டு, அவள் நடித்த முனகலை எனக்கு நடித்துக் காட்டிக்கொண்டிருந்தார். அவளும் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள்.

அப்போது சத்தம் வந்தது.

வெகு தூரத்திலிருந்துதான் வந்தது. ஆனாலும் கூரையிலிருந்து தூசு உதிர்ந்தது. அலமாரியில் கண்ணாடிக் குவளைகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. தெருநாய்கள் எல்லாம் குரைத்து, பிறகு ஒன்றாக நிறுத்தின.

நாங்கள் மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. காதரின் வாய் திறந்தபடி இருந்தது.

பிலோமினா, "புள்ளையக் கொஞ்சம் வாங்கிக்கங்க. கை நடுங்குது," என்றாள்.

வாங்கினேன். என் கை அதைவிட மோசமாக நடுங்கியது. காதரிடம் நீட்டினேன். அவர் வாங்கி, ஒரு நொடி வைத்திருந்து, "அல்லா, எனக்கும் முடியல கிராணியாரே," என்று திருப்பித் தந்தார்.

கடைசியில் மூவருமாகச் சேர்ந்து குழந்தையைப் பாயில் கிடத்தினோம். அவள் தூங்கிக்கொண்டிருந்தாள்.